குவியத்துக்கு முன்னும் பின்னும்

அந்த ஆடி மாதம் முழுக்க அருணகிரி வீட்டில் தங்கவில்லை. காலையில் முகம் கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பஸ் ஸ்டாண்டில் வந்தவாசி வண்டி நின்றிருந்தால் ஏறிக்கொள்வான். அங்கே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஆரணிக்கே திரும்புவான். இல்லாவிட்டால் ஆற்று மணலில் வெயில் ஏறும்வரை நடப்பான். மத்தியானம் வந்தால் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துகொள்வான். அவர்கள் குடியிருந்த தெருவில் இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருக்கும். ஆறு வருஷமாக அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததே இல்லை. இப்போது, "இவங்க ஒரு நிமிஷம் நிறுத்தவே மாட்டாங்களா?" என்று கேட்டான்.

அவன் மனைவி தேவகி ஜன்னலைச் சாத்தினாள். அவள் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அருணகிரி அதே கல்லூரியின் பட்டறையில் கருவிகள் செய்பவன். பெங்களூரில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டு வந்தவன். அது 1985. அடுத்த கார்த்திகை, மார்கழியில் எழுபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வால் நட்சத்திரம் வரப்போகிறது என்று கல்லூரி ஒரு தொலைநோக்கி கட்டியது. படவேட்டுக்கு மேலே மலைச்சரிவில் கட்டடம் எழும்பியது. தொலைநோக்கிக்கு உயிர் அதன் அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடிதான். பெரிய தாம்பாளம் அளவுள்ள அந்தக் கண்ணாடியை அருணகிரி இரண்டு வருஷம் கையால் தேய்த்து உருவாக்கியிருந்தான்.

சித்திரையில் அதைக் குழாய்க்குள் பொருத்திப் பார்த்தார்கள். நட்சத்திரம் புள்ளியாகத் தெரியவில்லை. மூன்று மூலையுள்ள சமோசா போல இருந்தது. எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அதே மூன்று மூலை. காற்றின் நடுக்கமாக இருக்கலாம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டார்கள். காற்று தினம் ஒரே வடிவத்தில் நடுங்காது.

பிரின்சிபால் பன்னீர்செல்வம் தொலைநோக்கிக் கமிட்டியைக் கூட்டினார். கத்திப் பேசாத மனிதர். "கண்ணாடியில குறை இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அருணகிரி. பெங்களூருக்கு அனுப்பி அந்த மூணு மூலையையும் தேய்க்கச் சொல்லலாம்னு முடிவு. ஆவணி பொறந்ததும் லாரி வரும். அதுவரைக்கும் நீங்க லீவுல இருங்க" என்றார். கமிட்டியில் யாரும் அருணகிரியைக் குற்றம் சொல்லிப் பேசவில்லை. அதுதான் அவனை அதிகம் அரித்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

"என் கைதான் தப்பு பண்ணிடுச்சா இல்லையா, அதாச்சும் தெரியணும்" என்றான் வீட்டுக்கு வந்ததும். "தேய்ச்சவன் நான். எனக்கே தெரியலன்னா எப்படி?"

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி தேவகியிடம் இருந்தது. மதராஸ் நூலகத்தில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் சமீபத்தில் படித்திருந்தாள். நல்ல கண்ணாடி நட்சத்திரத்தின் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தக் குவியத்துக்குச் சற்று முன்னால் பிலிமை வைத்தால் புள்ளிக்குப் பதில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அதே தூரம் பின்னால் வைத்தாலும் ஒரு வட்டம் விழும். கண்ணாடியில் குறையில்லை என்றால் இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருக்கும். ஓரிடத்தில் கண்ணாடி கொஞ்சம் பள்ளமாக இருந்தால், அங்கே பட்ட ஒளி அவசரப்பட்டு முன்கூட்டியே குவியும். முன் படத்தில் அந்த இடம் பளிச்சென்றும் பின் படத்தில் மங்கலாகவும் இருக்கும். மேடாக இருந்தால் நேர்மாறு. இரண்டு படங்களின் வெளிச்சத்தையும் இடத்துக்கு இடம் கழித்துப் பார்த்தால், வருகிற ஒளியலை எங்கே எவ்வளவு கோணிப்போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அலையைக் கண்ணால் பார்க்க வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் அளந்தால் போதும்.

வைகாசியில் அருணகிரியே அந்த இரண்டு படங்களையும் அவளுக்காக எடுத்துக் கொடுத்திருந்தான். காற்றின் நடுக்கம் தேய்ந்து போகும்படி நெடுநேரம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தவை. ஆனால் பிலிமில் வெளிச்சத்தை அளக்கிற இயந்திரம் பெங்களூரில்தான் இருந்தது. கடிதம் போட்டால் தை மாதம் வாருங்கள் என்றார்கள்.

தேவகி நெகட்டிவ்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு சக்கரவர்த்தியின் ஸ்டூடியோவுக்குப் போனாள். அவர் ஆரணிப் பக்கத்துத் திருமலையைச் சேர்ந்த, இருட்டினால் சாப்பிடாத சமணக் குடும்பத்துக்காரர்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். ஆரணியில் பாதிக் கல்யாணங்களை அவர்தான் படம் எடுத்தார். ஆடியில் கல்யாணம் இல்லாததால் கடையில் உட்கார்ந்து ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க என்லார்ஜரும் வெளிச்ச மீட்டரும் கொஞ்ச நாளைக்கு வேணும். இங்கியே வச்சி வேலை செஞ்சிக்கிறேன்."

அவர் நெகட்டிவை விளக்கில் தூக்கிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது, தோசை மாதிரி இருக்குது?"

"நட்சத்திரம்."

"நட்சத்திரமா?" மறுபடியும் பார்த்தார். "சரி. ஆவணி முகூர்த்தம் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது."

இருட்டறையில் என்லார்ஜரின் அடிப்பலகை மேல் கட்டம் போட்ட தாளை ஒட்டினாள். நட்சத்திர வட்டம் பெரிதாகி அதன்மேல் விழுந்தது. ஒரு கட்டம் மட்டும் தெரிகிற அளவு துளையிட்ட கறுப்புத் தாளை மீட்டரின் கண்ணில் ஒட்டி, கட்டம் கட்டமாக நகர்த்தி முள்ளைப் படித்தாள். உள்ளே அடுப்படி போல வெந்தது. மத்தியானம் கரண்ட் போகும். வந்ததும் விளக்கின் பிரகாசம் மாறியிருக்கும். முதல் கட்டத்திலிருந்து மறுபடி. அம்மன் கோயில் ஒலிபெருக்கி சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். இதற்கு நடுவே கல்லூரிக்குப் போய் வகுப்பெடுக்க வேண்டும். பஸ்ஸில் நின்றபடியே கழித்தல் கணக்குகளைச் செய்தாள்.

கழித்து முடித்தால் அடுத்த வேலை இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றியுள்ள நான்கு எண்களின் சராசரியோடு சேர்த்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளது கெடும். சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் எல்லா எண்களும் அடங்கி, கண்ணாடியின் மேடு பள்ளம் தாளில் எழும்பி நிற்கும். சமையலறைத் தரையில் வரைபடத் தாளை விரித்து, கால்குலேட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதைச் செய்தாள். அருணகிரி தாண்டித் தாண்டிப் போவான்.

"எதுனா தெரிஞ்சிதா?"

"இன்னும் அடங்கலைங்க."

"எப்போ அடங்கும்?"

"நீங்க இப்டி நடந்துகினே இருந்தா எனக்கும் அடங்காது."

அவன் வெளியே போய்விட்டான். அப்படிச் சொன்னதற்காக அவள் அன்று முழுக்க வருத்தப்பட்டாள்.

எண்கள் அடங்கியபோது ஓரத்தைச் சுற்றி ஆறு பள்ளங்கள் தெரிந்தன. சம இடைவெளியில், ஆறு. அதற்கு உள்ளே மெல்லிய ஒரு வளையம் மேடாக ஓடியது.

தேவகி பள்ளங்களை மறுபடி எண்ணினாள். கண்ணாடியைக் குழாய்க்குள் பிடித்திருந்த கவ்விகள் மூன்றுதான். ஆறு பள்ளத்துக்கு அங்கே காரணம் ஏதுமில்லை. அருணகிரி கண்ணாடியைத் தேய்க்கும்போது பீப்பாய் மேல் வைத்து, பீப்பாயை ஆறு இடங்களில் நின்று சுற்றி வருவான். ஒவ்வோர் இடத்திலும் நின்று கை அழுத்தியிருந்தால் இப்படித்தான் வரும். அவள் அதை எத்தனையோ மாலைகளில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

தாளைச் சுருட்டி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அன்று சாயங்காலம் அவன் கேட்டபோது, "மீட்டர் சரியில்ல, திரும்ப எடுக்கணும்" என்றாள். கல்யாணமாகி அவனிடம் அவள் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் வெளியே போனான்.

மறுநாளிலிருந்து அவளாலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் அவன் இனி ஒரு கண்ணாடியைத் தொடமாட்டான். சொல்லாவிட்டால் பெங்களூரில் யாரோ தேய்த்துவிட்டு அவனிடமே சொல்வார்கள்.

அரைமனதோடு ஸ்டூடியோவுக்குப் போனாள். இரண்டு வட்டங்களையும் தனித்தனியாகப் பிரிண்ட் போட்டு, ஈரம் காயக் கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். அப்போதுதான் அந்த நிழல் கண்ணில் பட்டது. முன் படத்தில் வட்டத்தின் இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. பின் படத்தில் அதே கோடு வலது ஓரத்தில். மீட்டரில் அதை அவள் கவனித்திருந்தாள். குறுக்கே தொங்கிய ஏதோ வயர், நடுவில் யாரோ தள்ளி மாட்டியிருப்பார்கள் என்று நினைத்து அந்தக் கட்டங்களை விட்டுவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அருணகிரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. படம் எடுத்த அன்னைக்கு குழாய் வாயில ஒரு வயர் தொங்கிச்சே, அதை நடுவுல மாத்திக் கட்டுனீங்களா?"

"மோட்டார் வயரா? இல்ல. அது கம்பியோட சேத்துக் கட்டினது. மாத்த முடியாது."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"நானே கட்டினது தேவகி. ஏன்?"

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வயர் நகரவில்லை. ஒளிதான் குவியத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போய், இடது வலதாக, மேல் கீழாக மாறியிருந்தது. பின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்த பிறகுதான் கழித்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு வருஷா வருஷம் அவள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. திருப்பாமல் கழித்ததால், மூன்று பள்ளங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றுக்கு எதிரே இன்னும் மூன்று முளைத்து ஆறாகியிருந்தன.

"ஏன்னு கேக்கறேன் இல்ல?"

அவள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவனுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியும். ஆறு பள்ளத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தான்.

"இது எப்போ போட்டது?"

"போன வாரம்."

"மீட்டர் சரியில்லன்ன."

"ஆமா."

"அப்போ நீயும் நான்தான்னு நெனச்சிகினு இருந்த."

"நெனச்சேன்" என்றாள் தேவகி. "இந்த வாரம் பூரா நெனச்சிகினு இருந்தேன். சொல்ல வாய் வரல."

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, "சரி. இப்போ எது தப்புன்னு சொல்லு" என்றான். அவள் வயரைப் பற்றிச் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு இருவருமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் எண்களைச் சொல்ல, அவன் கால்குலேட்டரில் அடித்தான். ஆனால் அன்று அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ம், அடுத்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை எண்கள் அடங்கியபோது மூன்று பள்ளங்கள்தான் வந்தன. மூன்றும் கவ்விகள் இருந்த இடத்திலேயே இருந்தன. குழாயைச் சாய்த்தால் கண்ணாடி நகரக் கூடாதென்று, குழாய் செய்து கொடுத்த கம்பெனி ஆட்கள் கவ்விகளை முறுக்கி இறுக்கியிருந்தார்கள். அந்த நெரிப்பில் கண்ணாடி மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வளைந்திருந்தது. ஒளிக்கு அதுவே அதிகம்.

அருணகிரி மூன்றையும் பார்த்துவிட்டுச் சட்டென்று மூச்சு விட்டான். பிறகு அவன் விரல் உள்ளே நகர்ந்தது.

"இது?"

"வளையம்" என்றாள். "மேடு."

"திருப்பிப் போட்டும் இது போகல."

"போகல. இது கவ்வியால வந்ததில்ல."

அவன் விரல் வளையத்தைச் சுற்றி வந்தது. "கடைசியில மெருகு போடற தட்டுல பூசின பிசின் இறுகிப்போச்சு. புதுசா ஊத்தணும்னு நெனச்சேன். ஜல்தியா முடிங்கன்னு எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க. அப்படியே தேய்ச்சிட்டேன். இது என்னுதுதான்."

"ரொம்பச் சின்னதுங்க. இதால மூணு மூலை வராது. பிரின்சிபால் கிட்ட கவ்வியைப் பத்தி மட்டும் சொன்னா போதும்."

"என் பொண்டாட்டி வந்து என் மேல தப்பே இல்லன்னு சொன்னா யாரு நம்புவாங்க? முழுசாக் காட்டு."

"முழுசாக் காட்டினா அந்த வளையத்தைப் புடிச்சிகினு லாரியில ஏத்திடுவாங்க."

"ஏத்தட்டும்" என்றான். ஆனால் அன்று இரவு அவன் திரும்பத் திரும்பப் புரண்டு படுத்தது அவளுக்குத் தெரிந்தது. அவளும் தூங்கவில்லை.

பன்னீர்செல்வம் தாளை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கெட்டிக்காரர், படம் தலைகீழாக மாறுவதை அவள் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. கேட்டு முடித்ததும் அவளிடம், "கமிட்டியில முதல் கேள்வி என்னா வரும் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். அதுக்குத்தான் இந்த வளையமும். இது அவர் பண்ணின குறை. அவரே சொல்லச் சொன்னார்."

அவர் அருணகிரியை நிமிர்ந்து பார்த்தார். "லாரிக்குச் சொல்லியாச்சே. ஆவணி முதல் வாரம்."

"கவ்வியைத் தளர்த்திட்டு ஒரு படம் எடுக்க விடுங்க சார்" என்றான் அருணகிரி. "மூணு மூலை அப்படியே இருந்தா நானே கண்ணாடியைக் கட்டி ஏத்தி அனுப்பறேன். ஒருவேளை போயிட்டா, பெங்களூர்ல அந்த மூணு இடத்தையும் தேய்க்கறது இல்லாத நோய்க்கு வைத்தியம் பண்ற மாதிரி ஆயிடும். அப்புறம் கண்ணாடி நெசமாவே கெட்டுப்போகும்."

பன்னீர்செல்வம் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து யோசித்தார். "வானம் தெளிஞ்ச முதல் சாயங்காலம் எடுங்க. அதுவரைக்கும் லாரியை நிறுத்தி வைக்கிறேன்."

வானம் தெளியவில்லை. தினமும் மாலையில் மேற்கே மேகம் ஏறிவிடும். இருவரும் கடைசி பஸ்ஸில் மலையடிவாரம் போய் ஏறுவார்கள்; காத்திருப்பார்கள்; நனைந்துகொண்டு காலையில் இறங்குவார்கள். கவ்விகளை அருணகிரி முதல் நாளே தளர்த்தியிருந்தான். ஒரு காகிதத் துண்டு நுழைகிற அளவு இடைவெளி விட்டு, கண்ணாடி ஆடாமல் இருக்க ஓரத்தில் கம்பளித் துண்டுகள் வைத்திருந்தான். அதைச் சரிபார்க்கிறேன் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குழாயடிக்குப் போவான். தேவகி மேகத்தைப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில்தான் அவர்கள் மறுபடி பேசத் தொடங்கினார்கள். முதலில் மழையைப் பற்றி, பிறகு மெல்ல மற்றதையெல்லாம்.

"என் மூஞ்சைப் பாத்துச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று ஒரு சாயங்காலம் கேட்டான்.

"நீங்க இனிமே கண்ணாடியைத் தொடவே மாட்டீங்கன்னு பயந்தேன்."

"தொட்டிருக்க மாட்டேன்தான்" என்றான் கொஞ்சம் யோசித்து.

ஆவணி பிறந்து, லாரிக்காரன் இரண்டு முறை ஆள் அனுப்பிய பிறகு, ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் வடக்கிலிருந்து காற்று அடித்து மேகம் விலகியது. அருணகிரி குழாயைத் திருப்பினான். முதலில் கண்ணை வைத்தவள் தேவகி. நட்சத்திரம் உருண்டையாக இருந்தது. சுற்றிலும் லேசான ஒரு மூட்டம், அவ்வளவுதான். மூலை எதுவும் இல்லை. அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் பார்த்தான், கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். "படம் எடுப்போம். மேகம் வந்துடும்" என்றான்.

லாரி வரவில்லை. கமிட்டிக்குப் பரம திருப்தி. "இதுவே போதும், வால் நட்சத்திரத்துக்கு இது தாராளம்" என்றார் பன்னீர்செல்வம். அருணகிரிக்குத்தான் திருப்தி வரவில்லை. அந்த மூட்டம் அவனுடைய வளையம். புரட்டாசி முழுக்க எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். புதுப் பிசின் காய்ச்சி ஊற்றினான். கண்ணாடியைக் கழற்றி, அந்த வளையம் இருந்த இடத்தை மட்டும் சிறு தட்டால் மெல்ல மெல்லத் தேய்த்தான். முன்பெல்லாம் தேய்த்துவிட்டு, கண்ணால் பார்த்து, சந்தேகப்பட்டு, மறுபடி தேய்ப்பான்; எங்கே நிறுத்துவதென்று ஒருபோதும் தெரியாது. இப்போது தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றி, முன்னும் பின்னும் இரண்டு படம் எடுத்து ஆரணிக்குக் கொண்டு வந்தான்.

ஸ்டூடியோவில் ஆவணிக் கல்யாணப் படங்கள் குவிந்து கிடந்தன. "சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் டீச்சர்" என்று சக்கரவர்த்தி கண்டிப்பாகச் சொன்னார். மாலையும் கழுத்துமாக நின்ற மணமக்களின் ஈரப் படங்களுக்கு நடுவே குனிந்து, அருணகிரி மீட்டரை நகர்த்த, தேவகி எழுதினாள். வளையம் பாதியானது. அடுத்த தடவை அதிலும் பாதி. அதற்கடுத்த தடவை அவள் எண்களை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள்.

"இப்போ இருக்கறது மீட்டர் முள்ளோட ஆட்டத்தை விடச் சின்னதுங்க. வளையம் இருக்குதா இல்லையான்னு இதுக்கு மேல சொல்ல முடியாது."

அருணகிரி இருட்டறைக் கதவைத் திறந்து வெளிச்சத்தில் அந்தத் தாளைப் பார்த்தான். அவன் விரல் நுனிகளில் பிசின் கறுத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்பான் என அவள் எதிர்பார்த்தாள்.

"அப்போ நிறுத்திக்கிறேன்" என்றான்.

கார்த்திகைக் கடைசியில் ஆரணியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜனங்கள் மாலை பஸ்ஸில் மலைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். தறிக்காரர்கள், ரைஸ்மில் ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். அருணகிரி ஏணியடியில் நின்று ஒவ்வொருவரையும் ஏற்றிவிட்டான். தசரதன் என்ற ரைஸ்மில்காரர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு இறங்கினார்.

"என்னாப்பா, பஞ்சு பிச்சிப் போட்ட மாதிரி இருக்குது. வாலையே காணோம்?"

"வால் இன்னும் வளரலைங்க."

"இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"பஞ்சு நல்லாத் தெரிஞ்சிதுங்களா?"

"அது தெரிஞ்சிது. நடுவுல ஒரு சின்னப் பொட்டு வேற இருந்துச்சு."

"பொட்டு எப்படி இருந்துச்சு? மூலை கீலை எதுனா?"

"பொட்டுக்கு ஏதுப்பா மூலை?" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த தேவகி திரும்பிப் பார்த்தாள். அருணகிரி ஏணியைப் பிடித்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து, "ஏங்க, நான் ஏறலாமா?" என்று கேட்டார்.

"ஏறுங்க" என்றான்.